வாங்காத புத்தகத்துக்குக் கணக்கு இல்லை

நூலகத்துக்குள் ஒரு புத்தகம் வந்துவிட்டால் அதற்கு ஒரு சேர்க்கை எண் கிடைத்துவிடும். பதிவேட்டில் தேதி, தலைப்பு, விலை, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி ஏறும். தொலைத்தவர் பணம் கட்ட வேண்டும். கிழிந்து நைந்துபோனால் கழித்துவிட மேலிடத்து அனுமதி வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு வருபவர் பதிவேட்டில் விரலை வைத்தால் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். வாங்காமல் விட்ட புத்தகத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதை வேண்டாம் என்றாய், ஏன் வேண்டாம் என்றாய் என்று பணிக்காலம் முழுவதும் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

வயதாக ஆக, யாரும் கேட்காத இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் பிரிவார்ட் கவுண்டி என்று ஒரு பகுதி. 2012-ல் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவல் பெண்கள் கையில் பரவிக்கொண்டிருந்த நேரம். லண்டனில் தொலைக்காட்சித் துறையில் வேலை பார்த்த இ.எல்.ஜேம்ஸ் என்ற பெண்மணி, 'ட்வைலைட்' கதைகளின் மேல் இருந்த பிரியத்தில் இணையத்தில் எழுத ஆரம்பித்த கதை அது. 2011-ல் ஆஸ்திரேலியாவின் சிறு பதிப்பகம் ஒன்று புத்தகமாக்கியது. மறு வருஷமே பெரிய பதிப்பகம் கைக்கு மாறியது. 2014-க்குள் மூன்று பாகங்களும் சேர்ந்து உலகம் முழுக்கப் பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டன. படுக்கையறைக் காட்சிகளுக்குக் குறைவில்லை. நடை சுமார்தான் என்று விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நானும் புரட்டிப் பார்த்தேன். எனக்கு ஓடவில்லை.

பிரிவார்டில் வாசகர்கள் கேட்டார்கள், நூலகம் வாங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பிறகுதான் நிர்வாகத்துக்குத் தெரிந்தது. ஆபாச நூல்களைச் சேர்ப்பது எங்கள் வழக்கம் இல்லை என்று சொல்லி, மே மாதத் தொடக்கத்தில் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே நூலகங்களில் 'லோலிடா' இருந்தது. 'டிராபிக் ஆஃப் கேன்சர்' இருந்தது. நம்முடைய வாத்ஸ்யாயனரும் இருந்தார். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? அவையெல்லாம் பழைய நூல்கள், எழுத்தின் தரத்தால் நின்றவை என்று விளக்கம் வந்தது. அதாவது விஷயம் ஒன்றுதான்; நன்றாக எழுதினால் பரவாயில்லை, சுமாராக எழுதினால் குற்றம். பேச்சுரிமை அமைப்புகள் கடிதம் அனுப்பின. அந்த மாதம் முடிவதற்குள் புத்தகம் திரும்ப அலமாரிக்கு வந்துவிட்டது.

அதே சமயத்தில் மேரிலாந்தின் ஹார்ஃபர்ட் கவுண்டியும் ஜார்ஜியாவின் க்வினெட் கவுண்டியும் அந்த நாவலை வாங்கவே இல்லை. எங்கள் தேர்வு விதிக்குப் பொருந்தவில்லை என்றன. அங்கும் முணுமுணுப்பு எழுந்தது, செய்தியும் வந்தது. ஆனால் வாங்கி, வைத்து, எடுத்து மாட்டிக்கொண்ட பிரிவார்டு பட்ட பாடு அவை படவில்லை. வாசகி பக்கத்திலிருந்து பார்த்தால், பிரிவார்டு புத்தகத்தை எடுத்துவைத்திருந்த நாட்களில் மூன்று இடத்திலும் அவள் கைக்குப் புத்தகம் வரவில்லை என்பது ஒன்றுதான்.

வாங்கி எடுப்பதற்கும் வாங்காமலே விடுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சட்டமும் பார்த்திருக்கிறது. 1982-ல் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி நூலக வழக்கில், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்றார்கள் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர். அவர்களும் வாங்குகிற அதிகாரத்தைத் தொடவில்லை. அந்தக் கருத்துக்கே நீதிபதிகளிடையே முழுப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2025 மே மாதம் டெக்ஸாஸின் லானோ கவுண்டி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பொது நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திரும்ப வை என்று கேட்க வாசகருக்கு அரசமைப்பு உரிமை இல்லை என்றே சொல்லிவிட்டது. வக்கீல்கள் இன்னும் பல காலம் பேசுவார்கள். நூலகர் மேசையில் நடப்பது அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்தவர் ஆய்வாளர் மார்ஜரி ஃபிஸ்க். 1950-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் நூலகர்களையும் பள்ளி நிர்வாகிகளையும் நேரில் உட்கார்ந்து பேட்டி எடுத்தார். 1959-ல் அது புத்தகமாக வந்தது. வெளியாட்கள் வந்து மிரட்டுகிறார்கள், புத்தகங்களை எடுக்கச் சொல்கிறார்கள் என்ற எதிர்பார்ப்போடுதான் அந்த ஆய்வே தொடங்கியது. கிடைத்தது வேறு. புத்தகத் தேர்வில் பங்குள்ள நூலகர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர், சர்ச்சை வரும் என்ற காரணத்தால் ஒரு புத்தகத்தை வாங்காமல் விட்டதைச் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பேருக்கு அது பழக்கமாகவே ஆகியிருந்தது. கூட்டமும் வரவில்லை, கொடியும் பிடிக்கவில்லை. வரக்கூடும் என்று நினைத்தே கை பின்வாங்கிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஆய்வு. அதில் இருக்கும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மாவட்டக் கூட்டங்களில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிச் சொன்னால் வாங்காத நூலகர் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று ஆகிவிடும். அது நியாயம் இல்லை. பணம் அளவானது, அலமாரி அதைவிட அளவானது. அமெரிக்க ஊர் நூலகங்களில் எழுத்தில் ஒரு தேர்வுக் கொள்கை இருக்கும். 'லைப்ரரி ஜர்னல்', 'புக்லிஸ்ட்', 'கிர்கஸ்' போன்ற இதழ்களின் மதிப்புரைகளைப் பார்ப்பார்கள். அந்த ஆசிரியரின் முந்தைய புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று பார்ப்பார்கள். வாசகர் கேட்டால் எழுதி வைப்பார்கள். காத்திருப்போர் பட்டியல் நீண்டால் ஐந்தாறு பேருக்கு ஒரு பிரதி என்பதுபோல ஒரு கணக்கு வைத்துக் கூடுதலாக வாங்குவார்கள். 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' வந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் தடுமாறியது. சிறு பதிப்பகத்திலிருந்து கிளம்பியதால் முதலில் மதிப்புரையே இல்லை. வந்த மதிப்புரையும் திட்டியது. பட்டியலோ நாளுக்கு நாள் நீண்டது. தரம் வேண்டும் என்கிறது கொள்கையின் ஒரு வரி, ஊரார் விருப்பத்துக்கு இடம் கொடு என்கிறது இன்னொரு வரி. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. எந்த வரியில் விரலை வைப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பால்டிமோர் கவுண்டி நூலகத்தை 1963 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் நடத்திய சார்லஸ் ராபின்சனுக்கு இதில் குழப்பமே கிடையாது. மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதை வாங்கு, நிறைய வாங்கு, யாரும் தொடாததைக் கழித்துக் கட்டு என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு: கடையில் குவிந்து கிடப்பதை எதற்கு வரிப்பணத்தில் வாங்க வேண்டும், கடையில் கிடைக்காததை வைக்கத்தானே நூலகம் என்பார்கள். எனக்கு மனம் இரண்டாவது பக்கம் சாயும். ஆனால் கடையில் வாங்க முடிகிறவர்களின் வாதம் அது என்பதும் எனக்குத் தெரியும்.

நல்ல நூலகருக்கும் தணிக்கைக்காரருக்கும் என்ன வேறுபாடு என்று 1953-ல் நூலகவியல் அறிஞர் லெஸ்டர் ஆஷைம் ஒரு கட்டுரை எழுதினார். தேர்வு செய்பவர் புத்தகத்தை வைத்துக்கொள்வதற்குக் காரணம் தேடுவார், தணிக்கை செய்பவர் தள்ளுவதற்குக் காரணம் தேடுவார் என்பது அதன் சாரம். படிக்கிறபோது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தள்ளுவதற்குக் காரணம் தேடுகிறவர் தன்னைத் தேர்வு செய்பவர் என்றேதான் நம்புகிறார். அதற்கு என்ன செய்வது என்று ஆஷைம் சொல்லவில்லை.

சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்த காரணம் வேறு என்பதற்கு நூலக வரலாற்றில் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது கெர்ன் கவுண்டியை. ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1939 ஏப்ரலில் வந்தது. இன்று அது இலக்கியம், பாடப்புத்தகம். அன்று அது அந்த வருஷத்தில் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற நாவல், ஊரெல்லாம் சண்டை மூட்டிய வெகுஜனப் புத்தகம். ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஒரு குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்க வந்து தோட்டங்களில் கூலிக்கு அல்லாடுகிற கதை. அப்படி வந்தவர்கள் ஏராளமாகக் குவிந்த இடங்களில் ஒன்று கெர்ன். அந்த ஆகஸ்டில் கவுண்டியின் மேற்பார்வை வாரியம், நான்குக்கு ஒன்று என்ற வாக்கில், பள்ளிகளிலும் நூலகங்களிலும் அந்த நாவல் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன, எங்கள் ஊரைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறார் என்றார்கள். பெரிய பண்ணைக்காரர்களுக்கு அந்த நாவலின் மேல் இருந்த கோபம் கெட்ட வார்த்தையால் வந்ததில்லை என்பது கூலிக்காரருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளி ஒருவரை வைத்தே புத்தகத்தைக் கொளுத்தவைத்துப் புகைப்படமும் எடுத்தார்கள்.

அங்கே தலைமை நூலகராக இருந்தவர் கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி. வாரியத்தின் சம்பளக்காரர். அவர் வேலையை உதறவில்லை, மேடை ஏறவும் இல்லை. வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்று இதைத் தடுத்தால் நாளை எதை, யாருடைய கருத்தை என்று கேட்டு, தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றார். அவர்கள் கேட்கவில்லை. உத்தரவுப்படி அலமாரியைக் காலி செய்தார். செய்துவிட்டு, அந்தப் பிரதிகளைக் கலிஃபோர்னியாவின் மற்ற நூலகங்களுக்கு இரவலாக அனுப்பிவைத்தார். மேலதிகாரியின் ஆணையையும் மீறவில்லை, புத்தகத்தையும் மூலையில் சாகவிடவில்லை. அரசு வேலையில் இருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மறு வருஷம் அந்த நாவல் புலிட்சர் பரிசு வாங்கியது. தடை 1941 ஜனவரியில் நீங்கியது. தடைக்கு இரண்டு மாதம் முன்பு, 1939 ஜூனில்தான், அமெரிக்க நூலகச் சங்கம் நூலக உரிமைச் சாசனத்தை ஏற்றிருந்தது. ஊர் மக்களுக்கு உள்ள பயனையும் ஈடுபாட்டையும் பார்த்துப் புத்தகம் வாங்கு, எழுதியவரின் இனம், நாடு, அரசியல், மதம் பார்த்துத் தள்ளாதே என்பது அதில் முதல் அம்சம்.

நீஃபின் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதன் வீரம் என்பதைவிட, அது கடிதம் என்பதுதான். தேதியோடு, கையெழுத்தோடு இருக்கிறது. வாரியத்தின் தீர்மானமும் எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்றைக்கும் நாம் யார் சொன்னது நியாயம் என்று பேச முடிகிறது. ஃபிஸ்க் பேட்டி எடுத்தவர்கள் வாங்காமல் விட்ட புத்தகங்களைப் பற்றி இப்படிப் பேச வழியே இல்லை.

புத்தகத்தின் மேல் புகார் கொடுக்க அமெரிக்க நூலகங்களில் ஒரு படிவம் வைத்திருப்பார்கள். முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். இதைவிடப் புத்திசாலித்தனமான அரசாங்கக் கேள்வியை நான் பார்த்ததில்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு நாவலை எடுத்துவந்து, கோடு போட்ட பக்கத்தைக் காட்டி, "இது பெண் பிள்ளைகள் வருகிற இடம் சார்" என்றார். "முழுக்கப் படிச்சீங்களா ஐயா?" என்று கேட்டேன். "இதைப் படிச்ச பிறகு மிச்சத்தை வேறு படிக்கணுமா?" என்றார். எடுத்துப் போய்ப் படித்துவிட்டு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றேன். எடுத்துப் போனார். இரண்டு தவணை புதுப்பித்தார். புகார் வரவில்லை. பிடித்துப்போயிற்று என்றும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முழுக்கப் படிக்காமல் எழும் கோபத்தை ஊரளவிலும் பார்த்திருக்கிறோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் கலகம் மூண்டபோது ஊருக்குள் சுற்றியது முழு நாவலா? சில பக்கங்களின் நகல்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. அதற்குள் ஒன்றரை வருஷம் அவர் மௌனமாக இருந்தாகிவிட்டது.

நம் நூலகங்களின் ஏற்பாடு வேறு மாதிரி. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். அதன் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு என்று நூலக வரி வசூலாகிறது. ஆனால் என் பணிக்காலத்தில் புத்தகத்தைக் கிளை நூலகர் வாங்கியதில்லை. நூலக ஆணை என்று மேலிருந்து வரும். தேர்வுக் குழு பார்த்து, அச்சுப் பாரத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டு, மொத்தமாக வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்புவார்கள். இப்போது பதிப்பாளர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கிறார்கள். எங்கள் கையில் இருந்தது சில்லறை அதிகாரம்: அன்பளிப்பாக வருவதை ஏற்பதா வேண்டாமா, எதை முன் அலமாரியில் வைப்பது, எதை மேல் தட்டுக்கு ஏற்றுவது, வாசகர் கேட்டதை மேலே எழுதுவதா மறந்துவிடுவதா. சில்லறை என்று சொன்னேனே தவிர, ஒரு ஊரின் வாசிப்பை ஒடுக்க அதுவே போதும்.

சாண்டில்யன் நாவல்களைக் கேட்டு வருகிறவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிற சக ஊழியர்கள் இருந்தார்கள். வர்ணனைப் பக்கங்களை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துப் போகிற வாசகர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ரமணிசந்திரன் கதைகளை வாரம் தவறாமல் எடுக்க வரும் ஒரு பெண்மணி. வீட்டிலேயே தையல் தொழில். ஒரு நாள் வாசகர் வட்டத்துக்காரர் ஒருவர், அவர் காதுபட, "வரிப்பணத்தில் இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?" என்றார். அந்த அம்மாள் நின்று திரும்பி, "எங்க வீட்டுக்கும் வரி கட்டுறோம் சார், ரசீது வேணுமா?" என்றார். நூலக அறிவியல் வகுப்பில் ரங்கநாதனின் இரண்டாம் விதி என்று எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறேன், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் என்று. அதைக் குரலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இவ்வளவு தாராளம் இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் எதையாவது எடுத்தால் ஒரு பார்வை பார்ப்பேன். ஆனால் அவனுக்காக வைக்கும் பூட்டை அவன் அம்மாவுக்கும் சேர்த்துப் போடுவது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

வீடுகளில் பெரியவர்களாக நாம் செய்வதும் இதுதானே? மகள் கேட்ட படிப்பு, மருமகள் போக நினைத்த வேலை, பேரன் சேர விரும்பிய குழு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அத்தோடு முடிந்தது. ஒப்புக்கொண்டு செய்தவை தப்பாகிப் போனால் ஊரே வந்து கேட்கும். மறுத்தவை என்னவாகியிருக்கும் என்று கேட்க ஆள் கிடையாது. ஜாதகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிய வரன்களில் எத்தனைக்கு உண்மையிலேயே ஜாதகம் காரணம்? கெர்ன் வாரியத்தின் கெட்ட வார்த்தை மாதிரிதான் அதுவும். மறுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கும் பட்ஜெட் உண்டு. மறுத்த காரணத்தை, கேட்டவர் எதிரில், வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம்.

கடைசியாக வேலை பார்த்த கிளையில் ஒரு நோட்டுப் போட்டேன். வாசகர் கேட்டு, நம்மிடம் இல்லாத புத்தகங்கள். கேட்டவர் பெயர், தேதி. கடைசிக் கட்டத்தில், வாங்கித் தர முடியாததற்குக் காரணம். நூலகர் மேசையில், யார் வேண்டுமானாலும் புரட்டுகிற மாதிரி வைத்தேன். ஆணையில் வரவில்லை, அச்சில் இல்லை, விலை அதிகம், கேட்டவர் ஒருவரே என்று காரணங்கள் ஏறின. எனக்குப் பிடிக்காத புத்தகங்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காமல் பேனாவோடு உட்கார்ந்திருந்ததும் உண்டு. அப்போதெல்லாம் வேறு வழியில்லாமல் மேலே பரிந்துரை எழுதி அனுப்பினேன்.

அந்த நோட்டில் ஏறியது ஒரு துப்பறியும் நாவல் வரிசை. ஆசிரியர் போலீஸ்காரர்களைக் கேவலமாக எழுதியிருக்கிறார், சாதிப் பெயர் வருகிறது என்று வெளியில் பேச்சு இருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டிருந்தான். கேட்டவர் ஒருவரே என்று எழுதிவைத்தேன், அது உண்மையும்கூட. தையல்காரப் பெண்மணி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்த வரியில் நின்றார். "ஒருத்தர்தான் கேட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே, நானும் கேட்கிறேன், என் பேரையும் எழுதிக்குங்க" என்றார். அந்த வார முடிவுக்குள் அதன் கீழே ஆறு பெயர். ஆறாவது பெயர் தலைமை ஆசிரியருடையது. புரவலர் ஒருவர் கொடுத்த பணத்தில் மூன்று பாகங்களையும் வாங்கிச் சேர்க்கை எண் போட்டேன். முதலில் எடுத்துப் போகிற உரிமை யாருக்கு என்பதில் அந்தப் பையனுக்கும் தலைமை ஆசிரியருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆயிற்று.